சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை வேறிடம்: வெலிகமவில் அலைச்சறுக்கு பழகுகிறவருக்கு

ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால், சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. இரண்டு கை தள்ளி எங்கோ ஓர் ஓடு விலகியிருக்கும். தண்ணீர் வரிச்சில் ஓடி வந்து இங்கே சொட்டும். அலைச்சறுக்கில் விழுவதும் அப்படித்தான். நின்றவுடன் விழுந்தால் நிற்கத் தெரியவில்லை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பிழை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: பலகையில் படுத்த இடத்தில், கைபோட்ட (கையால் தண்ணீரைத் தள்ளிய) வேகத்தில், எழுவதற்குக் கையை ஊன்றிய விதத்தில். போன ஜனவரியில் வெலிகமவில் மூன்று நாள் காலைப் பாடம் எடுத்து, எண்ண முடியாத தடவை விழுந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

வெலிகம இலங்கையின் தெற்குக் கரையில், காலிக்கும் மாத்தறைக்கும் நடுவே இருக்கிறது. சிங்களத்தில் ‘வெலி’ என்றால் மணல், ‘கம’ என்றால் ஊர். பெயர் பொய் சொல்லவில்லை. அகலமான வளைகுடா, காலுக்குக் கீழே மணல். அலை தள்ளியே உடைந்து நுரையாகக் கரை வரை உருண்டு வருகிறது. பக்கத்தில் மிதிகம போன்ற இடங்களில் அடியில் பாறைத்தரை. அங்கே முதல் பாடம் வேண்டாம்.

கீழே சொல்வதெல்லாம் 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேலே மெத்தென்று இருக்கும் ஃபோம் பலகைக்கு. நீங்கள் 80 கிலோவுக்கு மேல் என்றால் 9 அடியே கேளுங்கள். சின்னப் பலகையை வைத்துக்கொண்டு உங்களில் பிழை தேடாதீர்கள்.

அலை வருகிறது, கைபோடுகிறேன், அது என்னை விட்டுப் போய்விடுகிறது

இரண்டாம் நாளின் நோய் இது. முதல் நாள் எல்லாருக்கும் அலை கிடைக்கும், ஏனென்றால் பயிற்சியாளர் பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிடுவார். அந்தத் தள்ளல் நம் குறை எல்லாவற்றையும் மூடி மறைக்கிறது. ஆகவே முதல் சோதனை: தள்ளினால் அலை கிடைக்கிறது, தனியாகப் போனால் கிடைக்கவில்லை என்றால், கோளாறு நிற்பதில் இல்லை, படுப்பதிலும் கைபோடுவதிலும்தான்.

படுத்துக்கொண்டு மூக்கைப் பாருங்கள். பலகையின் மூக்கைச் சொல்கிறேன். அது தண்ணீருக்கு மேலே மூன்று நான்கு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள். வால் தண்ணீரில் புதைந்து பிரேக் மாதிரி இழுக்கிறது. இரண்டு அங்குலம் முன்னால் நகருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கால்கள் இரண்டும் சேர்ந்திருக்கட்டும். தவளை மாதிரி விரித்துக்கொண்டால் இரண்டும் தண்ணீரில் உழுகின்றன.

அப்புறம் கை. துடுப்பு வலிப்பது என்று சொல்கிறோம் அல்லவா, இங்கே துடுப்பே கைதான். அரை மணி நேரத்தில் ‘கை வலிப்பது’ என்பதன் இரண்டு பொருளும் விளங்கிவிடும். நீர்ப்பரப்பில் படபடவென்று அடிப்பதில் பயன் இல்லை. விரல்களைச் சேர்த்து, முழங்கை வரை உள்ளே விட்டு, நீளமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள் (செய்யச் சொல்லவில்லை). நின்றபடி கம்பியைப் பிடித்தால் கை பிய்ந்துவிடும். கூடவே நாலு எட்டு ஓடினால்தான் படிக்கட்டு கிடைக்கும். அலைக்கும் அதே கணக்கு. அது வந்து சேரும்போது உங்களுக்கும் ஏறக்குறைய அதன் வேகம் இருக்க வேண்டும். ஆகவே நாலைந்து பலகை நீளம் தள்ளி இருக்கும்போதே தொடங்குங்கள். வால் மெல்லத் தூக்கப்படுவதை உணர்ந்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம். அதற்குப் பிறகும் மூன்று இழுப்பு, முன்னதைவிட பலமாக.

எல்லாம் சரியாக இருந்தும் போகிறதா? அப்படியானால் நீங்கள் அலையைத் தேடுகிற இடம் தப்பு. உடையாத உருண்டை அலை நம் காலடியில் நழுவித்தான் போகும். இன்னும் கரைப்பக்கம் வந்து, உடைந்து வருகிற நுரையில் பழகுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பலகை மூக்கைக் குத்திக்கொண்டு கவிழ்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். முன்னால் படுத்திருக்கிறீர்கள், அல்லது தலையைத் தொங்கப்போட்டிருக்கிறீர்கள். இரண்டு அங்குலம் பின்னால் போங்கள். அலை தொட்டதும் பாம்பு படமெடுப்பது போல நெஞ்சை மட்டும் தூக்குங்கள். சில சமயம் படுத்த இடம் சரியாகவே இருக்கும், எழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கியிருப்போம். அதற்குள் அலை செங்குத்தாகி மூக்கை உள்ளே அமுக்கிவிடும்.

இதைவிட இதன் மருந்துதான் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது. ஒரு தடவை மூக்குக் குத்தி உப்புத் தண்ணீர் குடித்தவர் பயத்தில் ஓர் அடி பின்னால் போய்ப் படுப்பார். உடனே முதல் நோய் வந்துவிடும், அலை கிடைக்காது. அது தாங்காமல் மறுபடி முன்னால் வருவார், மூக்குக் குத்தும். என் இரண்டாம் நாள் காலை இந்த ஊசலாட்டத்திலேயே போயிற்று. வழி எளிது: பலகையின் மேல் ஏதாவது எழுத்தோ படமோ இருக்கும். சரியாக அமைந்த ஒரு தடவை உங்கள் மோவாய் அதில் எந்த இடத்துக்கு நேரே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மோவாயை அங்கே வையுங்கள். என்னுடையது ஒரு மீன் படத்தின் வால்.

எழுகிறேன், அதே கணம் விழுகிறேன்

எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள். யாரையாவது கரையிலிருந்து மொபைலில் எடுக்கச் சொன்னால் ஒரே நாளில் தெரிந்துவிடும். ‘சும்மா விழுந்தேன்’ என்பதற்கு வைத்தியம் கிடையாது.

*பலகை முன்னால் பாய்ந்து போகிறது, நீங்கள் பின்னால் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.* எடை முழுக்கப் பின்காலில். பயந்த உடம்பு தானாகவே பின்னால் சாயும். முன்கால் போதுமான தூரம் முன்னால் வரவில்லை என்பதும் சேர்ந்திருக்கும். முன்கால் நெஞ்சுக்குக் கீழே, கைகள் ஊன்றியிருந்த இடத்துக்கு நடுவே வர வேண்டும். இடுப்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

*பக்கவாட்டில் சரிகிறீர்கள்.* கையைப் பாருங்கள். எழும்போது பலகையின் இரண்டு விளிம்பையும் இறுகப் பற்றுகிறீர்களா? எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். இரண்டு கையும் ஒரே அளவு அழுத்தாது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் பலகை சாயும். உள்ளங்கையை விரித்து, விலா எலும்புக்குப் பக்கத்தில், பலகையின் மேல்பரப்பில் ஊன்றித் தள்ளுங்கள், வீட்டில் தண்டால் எடுப்பது போல. அடுத்து பாதம்: இரண்டும் நடுக்கோட்டின் மேல், குறுக்கு வாட்டத்தில். பஸ் நிறுத்தத்தில் நிற்பது போல இரண்டு பாதமும் முன்னே பார்த்துக்கொண்டிருந்தால் நிற்காது.

*முழங்காலில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் வரவில்லை.* ஒரு தடவை முழங்காலை ஊன்றிப் பழகினால் அந்தப் பழக்கம் போக ஒரு வாரம் ஆகும். தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். மணலில் பலகை அளவுக்குக் கோடு கிழித்து இருபது தடவை எழுந்து பழகுங்கள். குந்தி உட்கார்ந்து வளர்ந்த நமக்கு இது எளிதாக வர வேண்டிய விஷயம். என் பயிற்சியாளரும் இந்தியர்களுக்கு இடுப்பும் முழங்காலும் நன்றாக மடங்கும் என்று நம்பிக்கையோடுதான் தொடங்கினார். பதினெட்டு வருட நாற்காலி வேலை அந்தச் சொத்தையெல்லாம் தின்றுவிட்டதை அவர் எதிர்பார்க்கவில்லை.

*எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாமல் ஆடி விழுகிறீர்கள்.* அவசரப்படுகிறீர்கள். மெதுவாகப் போகிற சைக்கிள்தான் ஆடும், வேகம் எடுத்த சைக்கிள் தானே நிற்கும். அலை தள்ளியதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். பலகை வழுக்கி ஓடத் தொடங்கிய பிறகு எழுங்கள். அப்போதும் ஆடினால் கண்ணைச் சந்தேகியுங்கள். காலைப் பார்க்கிறவர் காலடியிலேயே விழுவார். கரையில் ஒரு தென்னை மரத்தைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். வெலிகமவில் அதற்குப் பஞ்சமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்று: எந்தக் கால் முன்னே? வேறோர் ஊரில் எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவர் எல்லாரையும் இடது காலை முன்னே வைக்கச் சொன்னார். ஒரு பாடம் முழுக்க விழுந்தேன், என் வயதைக் காரணமாக எண்ணிக்கொண்டேன். வெலிகமவில் பயிற்சியாளர் நான் எதிர்பாராத நேரத்தில் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினார். தடுமாறி வலது காலை முன்னே வைத்தேன். “அய்யா, உங்களுக்கு வலது” என்றார். அரை மணியில் நின்றேன். (அவர் என்னை அய்யா என்றதும் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். சிங்களத்தில் அது அண்ணன்.) இந்தச் சோதனையை மணலிலேயே முடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள். வலது கால் முன்னே வந்தால் லீஷ் வாரை (பலகையைக் காலோடு பிணைக்கிற கயிறு) இடது கணுக்காலில் கட்ட வேண்டும், அதாவது எப்போதும் பின்காலில்.

நின்றுவிட்டேன், ஆனால் பலகை நின்றுவிட்டது

வாலில் நிற்கிறீர்கள். முன்முழங்காலை மடித்து எடையை முன்னே கொடுங்கள், இல்லையென்றால் அரை அடி முன்னே நகருங்கள். அவ்வளவுதான்.

உள்ளே போகவே முடியவில்லை, நுரை கரைக்கே தள்ளுகிறது

முதலில், ரொம்ப உள்ளே போக வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீர் போதும். பலகையை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். குறுக்காக, உங்களுக்கும் அலைக்கும் நடுவே பிடித்திருந்தால் அலை அதைக் கதவு மாதிரி உங்கள் மேல் சாத்தும். வயிற்றிலோ பல்லிலோ படும். உங்களுக்குப் பக்கத்தில், மூக்கு அலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நுரை வரும்போது வாலை அமுக்கினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அலை அடியில் போய்விடும். நீங்களும் கூடவே ஒரு குதி குதியுங்கள்.

பின்னால் யாராவது இருந்தால் எக்காரணம் கொண்டும் பலகையைக் கைவிட்டுவிட்டு மூழ்காதீர்கள். காலை எட்டு மணிக்கு வெலிகமவில் நம்மைப் போன்ற புதியவர்கள் கூட்டம் அதிகம். அங்கே அலையைவிட அடுத்தவர் பலகைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

விழும்போது பலகை வந்து அடிக்கிறது

விழுந்ததும் சட்டென்று தலையைத் தூக்குகிறீர்கள். தண்ணீருக்கு அடியிலேயே இரண்டு கையையும் தலைக்கு மேல் மடித்துக்கொள்ளுங்கள், மேலே வரும்போது ஒரு கை முதலில் வரட்டும். பலகைக்கு முன்னால் விழாமல் பக்கத்திலோ பின்னாலோ, மல்லாந்தோ பக்கவாட்டிலோ தட்டையாக விழுங்கள். தலைகீழாகக் குதிப்பது கூடவே கூடாது. மணல்தான் என்றாலும் இடுப்பளவு ஆழத்தில் கழுத்து தாங்காது.

லீஷை விரலிலோ உள்ளங்கையிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். அது இழுபட்டு மீளும்போது பலகை திரும்பிப் பாய்ந்து வரும். இந்தக் கயிறு வந்த புதிதில், 1971இல், அமெரிக்காவின் சாண்டா குரூஸில் குளிர்ந்த கடலில் அணிகிற நீர்ச்சட்டை வியாபாரத்தால் பேர் பெற்ற ஜாக் ஓ’நீலுக்கு அப்படித் திரும்பி வந்த பலகையால் ஒரு கண் போயிற்று. அந்தக் கயிற்றைக் கொண்டுவந்தவர் அவருடைய மகன். அன்றைக்கு அது மருத்துவ ரப்பர் குழாய், கவண் மாதிரி இழுபடும். இன்றைய கயிறு அவ்வளவு நீளாது, ஆனாலும் முகத்தை மறைக்கிற பழக்கம் வேண்டும்.

கரைக்கு வரக் கைபோடுகிறேன், கரை தள்ளிப் போகிறது

மற்றதெல்லாம் சிரிக்கிற விஷயம், இது இல்லை. கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் ஏதாவது ஒரு பள்ளத்தின் வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இழுவையில் சிக்கியிருக்கிறீர்கள். அது எங்கே ஓடும் என்றால், இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரிகிற பட்டையில். நம் ஊர்க் குடும்பங்கள் ‘இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இறக்கலாம்’ என்று தேடிப் போகிற இடம் அதேதான்.

பலகையை விடாதீர்கள், அது மிதக்கும். இழுவைக்கு எதிரே கரையைப் பார்த்துக் கைபோடாதீர்கள், எந்தப் பலசாலிக்கும் அது முடியாது. கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கமாகப் போங்கள். நுரை கிடைத்ததும் அதுவே உங்களைக் கரையில் சேர்க்கும். கை ஓய்ந்துவிட்டால் பலகையில் படுத்தபடி ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள், யாராவது வருவார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் அதைப் பாடம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நம்மில் பாதிப் பேர் கூச்சத்தில் ‘கொஞ்சம் தெரியும்’ என்கிறோம். பலகை உயிர்காப்புச் சட்டை அல்ல. கயிறு அறுகிறது உண்டு. தெரியாது என்று சொன்னால் நெஞ்சளவுக்கு மேல் கூட்டிப் போக மாட்டார்கள். அங்கேயே போதுமான அலை இருக்கிறது.

கடலே சரியில்லை, எல்லாம் குழம்பிக் கிடக்கிறது

இது உங்கள் பிழை இல்லை, டிக்கெட் எடுத்த மாதத்தின் பிழை. வெலிகமவுக்கு நல்ல காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கினால் தெற்குக் கரை கலங்கிவிடும். தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குப் பெரிய விடுமுறை மே மாதத்தில்தான், எனவே பலர் அப்போது வெலிகமவுக்குப் போய் ஏமாறுகிறார்கள். அந்த மாதத்தில் கிழக்கே பொத்துவில் பக்கம் அறுகம் குடாவுக்குப் போங்கள். அங்கே அப்போதுதான் காலம் தொடங்குகிறது, செப்டம்பர் தாண்டியும் ஓடும். அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்றால் வெலிகம. எங்கே போனாலும் காலை நேரமே எடுங்கள். பிற்பகலில் கடல்காற்று எழும்பி நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும்.

காற்றும் அலையும் அடங்கிக் கிடக்கிற காலையில், நின்றபடி துடுப்புப் போடுகிற பலகையை எடுத்துப் பார்க்கலாம். அது வேறு வித்தை, தொல்லைகளும் வேறு. வட்டமாகவே சுற்றினால் துடுப்பைச் செங்குத்தாக, பலகையை ஒட்டிப் போடுங்கள், நாலு இழுப்புக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள். துடுப்பின் தட்டையான முனை முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கரண்டி மாதிரித் திருப்பிப் பிடிக்கிறோம். கால் நடுங்கினால் முழங்காலிட்டு ஓட்டுங்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசினால் அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். நிற்கிற ஆள் ஒரு பாய்மரம்.

உடம்பு

நெஞ்சும் வயிறும் உரசி எரிந்தால் உடுப்பைப் பாருங்கள். பருத்தி டி-ஷர்ட் நனைந்தால் கனக்கும், உரசும். சுடிதாரும் துப்பட்டாவும் காலைச் சுற்றும். ராஷ் கார்டு என்று உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை தருவார்கள். சில இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். சங்கிலி, மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். மூக்குக் கண்ணாடியும் வேண்டாம். கரை மங்கலாகத் தெரிந்தால் போதும்.

குமட்டினால், காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பலகையில் வயிற்றை அழுத்திப் படுக்கிற வேலை இது. இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழமும் தேநீரும் போதும், அப்பமும் கட்ட சம்பலும் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

வெயிலில் வெந்த இடம் முதுகு இல்லாமல் முழங்காலுக்குப் பின்பக்கமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், கைபோடும் நேரமெல்லாம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கம்தான். வெலிகம பூமத்திய ரேகையிலிருந்து ஆறு பாகை தூரம்கூட இல்லை, எட்டு மணி வெயிலே சுடும். கழுத்து பிடித்துக்கொண்டால் தலையை மட்டும் தூக்கியிருக்கிறீர்கள். நெஞ்சோடு சேர்த்துத் தூக்குங்கள். சொறி மீன் பட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காமல், கடல் தண்ணீரால் அலசிவிட்டுக் கரையேறுங்கள். மூச்சுத் திணறினாலோ வீக்கம் பரவினாலோ நேரே ஆஸ்பத்திரி.

கடைசியாக ஒன்று. மத்தியானம் குளித்து, உலர்ந்து, சோறும் பருப்புக் கறியும் முன்னால் வைத்துத் தலையைக் குனிவீர்கள். மூக்கிலிருந்து சளசளவென்று கடல் தண்ணீர் தட்டில் கொட்டும். நாலு மணி நேரம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியாது. இது நோய் இல்லை, காலையில் விழுந்தவர் எல்லாருக்கும் வரும். இலையில் உட்காரும் முன்னால் தலையை நன்றாகக் கவிழ்த்து இரண்டு பக்கமும் சாய்த்துவிட்டு வாருங்கள், அல்லது மடியில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.